சரிவில் நிறுத்திய கார்

அவரைத் தெருவில் 'ஆகாது' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறைக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். இந்த டயரோடு மலை ஏறினால் ஆகாது. இந்த பிரேக்கை நம்பித் தெருமுனை தாண்டினால்கூட ஆகாது. ஒருமுறை போலீஸ் ஜீப்பின் சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன் சக்கரத்தின் நட்டுகளை இறுக்கிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். ஜீப்பில் வந்த அதிகாரி கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த வாரம் தன் சொந்தக் காரையும் அவரிடமே கொண்டுவந்தார்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசின் மேலேயே சாய்ந்தார். வலது கை போனது, வலது கால் போனது, பேச்சும் போனது. மூன்றாவது வாரம் பேச்சு மட்டும் திரும்பி வந்தது. ஒரே ஒரு சொல்லாக வந்தது.

"சரி."

தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி. வேண்டாம் என்றாலும் சரி. மண்டைக்குள் எல்லாச் சொற்களும் அதனதன் இடத்தில் இருந்தன, ஸ்பானர்களைப் போல. எதை எடுக்கக் கை நீட்டினாலும் நாக்கில் வந்து விழுந்தது அந்த ஒன்றுதான். தலையும் தன் இஷ்டத்துக்குத்தான் ஆடியது. இடது கையால் எழுதிப் பார்த்தார். பேனா தாளில் பட்டதும் எழுத்துகள் நூல்கண்டு போல அவிழ்ந்துகொண்டன.

"முப்பது வருஷமா இந்த மனுஷன் வாயிலேர்ந்து வருமா வருமான்னு ஏங்கின வார்த்தைங்க. இப்ப கேக்கறேன் பாருங்க, காது குளிர" என்று பார்க்க வந்தவர்களிடம் மனைவி சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், முகத்தின் இடப்பக்கத்தால். அவர்கள் போன பிறகு அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஓர் அட்டை தந்திருந்தாள். அதில் ஆறு படங்கள்: தம்ளர், தட்டு, கழிப்பறை, கட்டில், டிவி, கண்ணீர் விடும் முகம். எது வேண்டுமோ அதைத் தொட வேண்டும். அவருக்கு இனிமேல் வேண்டியதெல்லாம் அந்த ஆறுக்குள் இருக்க வேண்டும்.

பட்டறையை இப்போது மச்சினன் நடத்துகிறான். சாமான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், அக்கா வீட்டில் அடுப்பு அணையக் கூடாது என்று வேலையை விட்டுவிட்டு வந்தான். நல்லவன். வந்த முதல் வாரமே, வீட்டிலிருந்து பட்டறைக்கு இறங்கும் படியின் மேல் பலகை போட்டுச் சக்கர நாற்காலிக்கு வழி செய்தான். அவர் காலையில் பட்டறைக்குப் போகாமல் இருக்க மாட்டார் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. கை சுத்தம், வேலையும் வரும். கேட்கிற பழக்கம்தான் இல்லை. தெரியாது என்று சொன்னால் ஏதோ கழன்று விழுந்துவிடும் என்று நினைப்பவன்.

அன்று காலை பல் டாக்டரின் கார் வந்தது.

ஊரில் சூப்பர்சார்ஜர் வைத்த கார் அது ஒன்றுதான். எஞ்சினின் தலைமேல் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே இரண்டு உருளைகள் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். பெட்டியின் முன்னால் மூக்குப் போல நீண்டிருக்கும் பகுதியில் பல்சக்கரங்கள். அவற்றுக்கென்று தனி ஆயில், ஒரு தம்ளருக்கும் குறைவு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். வேறு எந்தப் பட்டறையும் அதில் கை வைக்காது. அவர் மட்டும் வைப்பார், அதுவும் டாக்டரை அரைமணி நேரம் திட்டிய பிறகு.

டாக்டர் நாற்காலிக்கு முன்னால் குனிந்து நின்றார். "எப்படி இருக்கீங்க? நாளைக்குக் காலேஜ்ல பொண்ணைச் சேக்கணும். நானூறு கிலோமீட்டர். இன்னிக்கு மத்தியானமே கிளம்பிடறோம். அதுக்குள்ள இந்த ஆயிலை மாத்திட்டா தைரியமா போவேன்."

"சரி" என்றார் அவர்.

"திட்டவே இல்லையே!" என்று சொன்ன டாக்டர், சொன்ன பிறகு சங்கடப்பட்டு மச்சினன் பக்கம் திரும்பினார். "உங்களால முடியுமா?"

"வீடியோ பாத்து வச்சிருக்கேன் டாக்டர். மாமாவும் பக்கத்துலயேதான இருக்காரு."

கார் மூக்கை உள்ளே விட்டு நின்றது. மச்சினன் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு எஞ்சின் ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தான். பரவாயில்லை என்று அவர் நினைத்தார். ஆயில் ஓட்டையை அடைத்திருக்கும் திருகாணியைச் சுற்றிலும் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஸ்பானரைப் போட்டான். அதுவும் நல்லதுதான். மெல்லிய குழாய் மாட்டிய ஊசிமருந்துக் குழலை ஓட்டைக்குள் விட்டுப் பழைய ஆயிலை உறிஞ்சினான். நாற்றம் கிளம்பியது. செத்த எலியும் கருகிய பூண்டும் சேர்ந்த நாற்றம். பத்து மாதமாக அவர் முகராத நாற்றம். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அடச்சீ! என்னடா இது, எதையாவது கொன்னுட்டியா?" என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"இதாங்க்கா இதோட செண்டு!"

ஒரு குழல் நிறைய வந்தது. இரண்டாவது முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. அப்புறம் காற்றுதான் வந்தது. மச்சினன் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நூறு, நூத்திப்பத்து. அவ்ளோதான் இருந்திருக்கு மாமா. ஆயில் கொறைஞ்சு போயிருக்கு, பாருங்க."

குறையவில்லை. அப்போதுதான் அவர் காரின் கீழே தரையைப் பார்த்தார். 

அந்தத் தரை அவரே போட்டது. வண்டி கழுவும் தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று, உள்சுவரிலிருந்து வாசல் வரை சரிவாகப் பூசச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் கார் இப்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஓட்டை முன்னால் இருக்கிறது. ஆயில் பின்னால் போய்த் தேங்கியிருக்கிறது. உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் பழையது பாதி உள்ளேயே கிடக்கிறது. இனி ஓட்டையின் விளிம்பு வரை ஊற்றினால் கொள்ளும் அளவைப்போல ஒன்றரை மடங்கு உள்ளே போகும். சூடேறியதும் அது, ஆயிலைத் தடுத்து வைக்கும் ஸீலைத் தள்ளிக்கொண்டு உருளைகளுக்குள் இறங்கும். புகை வரும். அதற்குப் பிறகு பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நெடுஞ்சாலையில், காலேஜுக்குப் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவர் பின் சக்கரங்களுக்குக் கீழே இரண்டு தடித்த பலகைகளை வைத்துக் காரைச் சமமாக்குவார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பலகைகள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்தப் பலகைகள்தான் இப்போது படியின் மேல் ஆணியடித்துக் கிடந்தன. அவருடைய நாற்காலி அவற்றின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

"சரி" என்றார். 

"பாத்துட்டே இருங்க மாமா" என்றான் மச்சினன், புதுப் புட்டியின் மூடியைத் திருகியபடி.

"சரி! சரி!" இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். கீழே, பலகையைக் காட்டினார்.

மச்சினன் வந்து குனிந்து பார்த்தான். "செருப்பா? செருப்பு கழண்டுச்சா?" வலது காலைத் தூக்கிச் செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பப் போனான். முதல் குழல் ஆயில் உள்ளே இறங்கியது.

அவர் கையைக் கிடையாக நீட்டினார். உள்ளங்கை கீழே பார்க்க, சமமாக. பிறகு ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு சமமாக்கினார். இதைவிடத் தெளிவாக உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"சூப்பரா போகுது மாமா" என்று அவனும் தன் கையை அதே மாதிரி ஆட்டிக் காட்டினான். "அலுங்காம குலுங்காம!"

"சரி! சரி! சரி!"

சத்தம் கேட்டு மனைவி ஈரக் கையோடு வந்தாள். "ஏங்க, என்ன வேணும்? ஏண்டா, அவரை என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. சந்தோஷத்துல சொல்றாரு."

"இது சந்தோஷச் 'சரி' இல்லடா. எனக்குத் தெரியாதா?" அவள் நாற்காலியின் பின்பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு முன் பிடித்தாள். "தொடுங்க. எது?"

ஆறு படங்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம்ளரிலும் தட்டிலும் ஒன்றும் இல்லை. டிவியில் ஒன்றும் இல்லை. கட்டிலில் பார்வை நின்றது. நான்கு கால், மேலே நேராக ஒரு கோடு. எந்தப் பக்கமும் சாயாத கோடு. அதில் விரலை வைத்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை இடமும் வலமுமாக இழுத்தார். பிறகு காரைக் காட்டினார். மறுபடி கோடு.

மனைவியின் முகம் தெளிந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"படுக்கணுமாம். நாத்தம் தாங்கல போல. காலைலேர்ந்து உக்காந்தே இருக்காரு, முதுகு வலிக்காதா?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள். அவர் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள், குழந்தைக்குச் செய்வது போல. "படுக்கணும்னும் சொல்றது, வரமாட்டேன்னும் அடம் புடிக்கிறது. உங்களை என்னதான் செய்யறது, சொல்லுங்க?" சக்கரங்கள் பலகைகளின் மேல் தடதடத்துக் கடந்தன. பின்னால் இரண்டாவது குழல் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கட்டிலில் அவரைச் சாய்த்து, போர்வையை இழுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "தூங்குங்க. அவன் பாத்துப்பான்." அவள் கையில் சோப்பு மணத்தது. அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். மின்விசிறிச் சத்தத்தில் அது எங்கும் போய்ச் சேரவில்லை. பானெட் மூடியது. எஞ்சின் கிளம்பியது. சத்தம் நன்றாகவே இருந்தது. முதல் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருக்கும்.

மத்தியானம் டாக்டரின் குரல் கேட்டது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"மாமா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு டாக்டர். ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னாரு."

"அப்பாடா. அந்த மனுஷன் சரின்னா அதுக்கு மேல என்ன வேணும்."

கதவுகள் சாத்திய சத்தம் மூன்று. டாக்டர், டாக்டரின் மனைவி, பெண். கார் பின்னோக்கித் தெருவுக்கு இறங்கியது. அவர் வாயைத் திறந்தார். வந்ததை வெளியே விடாமல் பல்லைக் கடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் உள்ளே வந்தான். கையை நன்றாகக் கழுவியிருந்தான். அப்படியும் நாற்றம் கூடவே வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா. ஒண்ணு கேக்கணும். எடுத்தது நூத்திப்பத்து. ஊத்தினது இருநூறு ஆயிருச்சு. ஓட்டை விளிம்பு வரைக்கும் ஊத்தணும்னு வீடியோல சொன்னான், அதான் ஊத்தினேன். கொஞ்சம் ஜாஸ்தியோன்னு அப்பவே தோணிச்சு. டாக்டர்கிட்ட சொன்னா பயந்துடுவாரு." இன்னும் கொஞ்சம் குனிந்தான். "ஒண்ணும் ஆகாதுல்ல மாமா? சரிதான?"

அவன் கேட்டேவிட்டான். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரிடம் கேட்கிறான். வேறு பதில் வராத ஒரு வாயிடம் வந்து கேட்கிறான்.

நாக்கு தானாகவே எழுந்தது. அவர் இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். உதடுகளை விரல்களால் சேர்த்து அழுத்தினார். உள்ளே அந்தச் சொல் முட்டியது. மூக்கால் மூச்சுவிட்டார். கண்ணில் நீர் வந்தது. கையை எடுக்கவில்லை.

மச்சினன் காத்திருந்தான். "மாமா?" முதலில் வாந்தி வருகிறதோ என்று எண்ணிப் பாத்திரம் தேடினான். பிறகு அவர் கண்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மெதுவாக அவன் முகம் மாறியது.

"ஐயோ" என்றான்.

போனை எடுத்தான். இரண்டு முறை தவறான எண்ணைத் தொட்டான். மணி போனது. முழுதாக அடித்து நின்றது. மறுபடி போட்டான். காரில் ஏறிவிட்டால் டாக்டர் போனைத் தொடமாட்டார். அந்தப் பழக்கத்தை அவரைத் திட்டித் திட்டி ஏற்படுத்தியதே இவர்தான். அது இவனுக்குத் தெரியாது. 

"எடுக்கல மாமா. எடுக்க மாட்டேங்குறாரு. எந்த வழியா போறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? பாலத்து வழியா? பைபாஸா?"

தெரியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் எல்லாக் கதையும் சொல்வார். பைபாஸில் சுங்கச்சாவடிக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்கில் நிறுத்துவார். டாக்டரின் மனைவிக்கு அங்கே மட்டும்தான் கழிப்பறை சுத்தம். அங்கே போன் செய்தால் பிடித்துவிடலாம். அந்தப் பங்கின் முதலாளியையும் தெரியும். பெயர், நம்பர், அவருடைய பழைய வேனின் நோய் எல்லாம் தெரியும்.

கையை வாயிலிருந்து எடுத்தார். எடுத்த கையால் வாசலைக் காட்டினார். தெருவைக் காட்டினார். காற்றில் வளைவு வளைவாக ஒரு வழி போட்டார்.

"பாலமா?" என்றான் மச்சினன்.

அவர் மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மனைவி இரண்டு தம்ளரில் காபியோடு வந்து அறை வாசலில் நின்றாள். கணவனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடா, ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

மச்சினனின் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.