பேர் வெட்டிய கடிகாரம்

பேகம்பூரில் ஒரு காலத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளையின் இடது கையில் கட்டியிருந்தது சைதூனின் கடிகாரம்தான். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடிகாரம் உண்டா இல்லையா என்பதெல்லாம் பேச்சே இல்லை. சைதூன் வீட்டில்தான் ஒரு டின் நிறையக் கடிகாரம் இருக்கிறதே, பிறகு எதற்குக் காசைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டுவது? "போட்டோ எடுக்கிற வரைக்கும்தான், செத்த நேரம்" என்று வாங்கிப் போவார்கள். அந்தச் செத்த நேரம் நிக்காஹ் முடிந்து, விருந்து முடிந்து, மறுவீடும் முடிந்த பிறகு, கறிக்குழம்பு வாசம் வீசும் வாரோடு திரும்பி வரும். ஒரு மாப்பிள்ளை வாருக்குள் அத்தரை ஊற்றிக் கொடுத்தான். இன்னொருவன் கண்ணாடியில் கீறல் போட்டுவிட்டு, முன்னாடியே இருந்தது என்று சாதித்தான். சைதூன் வாய்விட்டுத் திட்டுவாள். திட்டிக்கொண்டே மல் துணியால் துடைத்து டின்னுக்குள் வைப்பாள்.

"என்னமோ வைரத்தைக் குடுத்த மாதிரி பேசுறா. ஜப்பான் சாமான்தானே" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அங்கேதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தக் காலத்தில் ஜப்பான் சாமான் என்றால் சந்தையில் விற்கும் தகரப் பொம்மை, இரண்டு நாளில் பல் போகும் சீப்பு. கடிகாரம் என்றால் சுவிஸ்காரன் செய்ததுதான் கடிகாரம். சரி, அப்படியே இருக்கட்டும். அப்படியானால் இரவல் கேட்டு வாசலில் ஏன் நிற்க வேண்டும்? வாங்கிப் போகும்போது வாட்ச், திருப்பிக் கொடுக்கும்போது ஜப்பான் சாமானா? இது எந்த ஊர் நியாயம் என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

சைதூன் நத்தத்துப் பெண். சேக் பரீதுக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல் பேகம்பூருக்கு வந்தாள். கல்யாணமான சூட்டோடு அவன் பினாங்குக் கடைக்குக் கப்பல் ஏறிவிட்டான். போகும்போது, அங்கே முன்பு வாங்கிய ஜப்பான் கடிகாரம் ஒன்றை அலமாரியில் விட்டுவிட்டுப் போனான். மறந்து போனானா, வேண்டாமென்று போனானா தெரியாது. அவள் அதை எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தாள், ஓடியது. தோல் பதனிடும் ஷாப்பில் சங்கு ஊதும்போதெல்லாம் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். ஒருநாளும் பிசகவில்லை. ஒரே ஒரு நாள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. சங்குதான் தப்பு என்று அடித்துச் சொன்னாள். மத்தியானம் விசாரித்தால், சங்கு ஊதுகிறவன் அன்றைக்குத் தூங்கிப் போனானாம்.

அடுத்த தடவை ஊருக்கு வருவதற்கு முன்னால், என்ன வாங்கி வரட்டும் என்று புருஷன் கேட்டனுப்பினான். மற்றப் பெண்கள் நைலான் சேலை கேட்பார்கள், சென்ட் பாட்டில் கேட்பார்கள். இவள் கேட்டது கடிகாரம். பெண்கள் கட்டும் குட்டிக் கடிகாரம் அல்ல, பெரிதாக, முகத்தில் எல்லா எண்ணும் தெளிவாகத் தெரிகிற ஆம்பளைக் கடிகாரம். அதற்கடுத்த தடவை தேதி காட்டுகிற கடிகாரம். பிறகு கறுப்பு முகம் வைத்தது. இப்படியே ஆறு சேர்ந்தது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மலாயா பிஸ்கட் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாகச் சாவி கொடுப்பாள். வேலை பார்க்கும்போது ஒன்றை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே கட்டிக்கொள்வாள். தண்ணீர் படாதாம்.

"பாவம், புருஷன் நினைப்புல கட்டிக்கிட்டுத் திரியிறா" என்று தெரு உருகியது. அதுவும் அவளுக்குக் கோபம்தான். "அவுக நெனப்பு எனக்கு இருக்கு, இல்லேங்கல. ஆனா வாட்ச்சு எனக்குப் புடிச்சுத்தான் வச்சிருக்கேன்" என்பாள். எவளும் நம்பவில்லை. ஒரு பெண்ணுக்குப் பூ பிடிக்கலாம், நகை பிடிக்கலாம், கடிகாரம் மட்டும் சும்மா பிடித்துவிடக் கூடாது போலிருக்கிறது.

ஏழாவது கடிகாரம் அறுபத்தைந்தில் வந்தது. ஜப்பானில் நடந்த பெரிய விளையாட்டுப் பந்தயத்தின் ஞாபகமாகக் கொஞ்சமே கொஞ்சம் செய்தார்களாம். பின்பக்கம் தீப்பந்தம் பிடித்து ஓடுகிற ஓர் ஆள், அவன் காலுக்குக் கீழே ஒரு எண். சேக் பரீது அதற்காகப் பினாங்கில் ஒரு சீனன் கடைக்கு நடையாய் நடந்திருக்கிறான்.

"இதுல போட்டிருக்க நம்பரு உலகத்துல வேற எந்த வாட்ச்சுலயும் கெடையாது" என்றான்.

"ஒண்ணுலகூடவா?"

"ஒண்ணுலகூட இல்ல. உன்கிட்ட மட்டுந்தான்."

சைதூன் அந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்ததாக வேறு எதைச் சொல்வது? அண்டா, குடம், தாம்பாளம், டம்ளர் என்று எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருந்தது. ஒன்றிலும் அவள் பேர் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில்கூட அவளுடைய அத்தா பேரும் மாப்பிள்ளை பேரும்தான் இருந்தன. இந்தக் கடிகாரத்தை அவள் ஒருவருக்கும் இரவல் கொடுக்கவில்லை. அதை வைத்திருப்பதாக வெளியே சொல்லவும் இல்லை.

பேர் வெட்டுவதில் பைத்தியம் பிடித்தவர் ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தார். சேக் பரீதின் அண்ணன் அக்பர் அலி. தோல் மண்டி வைத்திருந்தவர், குடும்பத்துக்குப் பெரியவர். "பேரு வெட்டாத பொருளு ஊர்ப் பொருளு. வெட்டிட்டா நம்மளுது, ஒருத்தன் வாய் தொறக்க முடியாது" என்பது அவர் தினமும் சொல்கிற பேச்சு. கரண்டியை விட்டாரா? வெற்றிலைப் பெட்டியை விட்டாரா? பிரியாணி ஆக்குகிற பெரிய செம்புத் தேக்சாவில் அவர் பேர் விளிம்பில் நெற்கதிர் போல நீளமாக ஓடியது. அந்தத் தேக்சா தெருவில் விசேஷ வீடுகளுக்கெல்லாம் போய் வரும். அவர் பேரும் கூடவே போய் வரும். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அறுபத்தாறில் அவர் மகள் மெஹராஜுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வத்தலக்குண்டு சனாவுல்லா. மாப்பிள்ளைக்கு மோதிரமும் கடிகாரமும் போடுவதாகப் பேச்சு. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. கல்யாணத்தன்று காலையில் சைதூன் நெய்ச்சோறு வடிக்கிற இடத்தை விட்டு நகர முடியவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் டின்னைத் திறக்காத காலை அது ஒன்றுதான்.

நிக்காஹ் ஓதி முடிந்து, மாப்பிள்ளை கண்ணாடியில் பெண் முகம் பார்ப்பதற்காகப் பெண்கள் பக்கம் வந்தான். மெஹராஜ் முகத்தின் முன்னால் கண்ணாடியை நீட்டினான். நீட்டிய கையில் சைதூனின் ஏழாவது கடிகாரம். நொடி முள் அசையவில்லை. மற்றப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியிருப்பாள். மெஹராஜ் வெட்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சாச்சி சாச்சி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுவீட்டுக்கு வந்த சம்பந்தி, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கடிகாரத்தைத் தட்டில் வைத்தார். "வத்தலக்குண்டுலேர்ந்து வந்தவனுக்கு ஓடாத வாட்ச்சா? நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

அக்பர் அலி என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான்தான் எடுத்தேன், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது: "எல்லாம் தம்பி பொண்டாட்டி சேத்து வச்சிருக்க ஜப்பான் சாமான். நம்பி எடுத்தேன், சபையில என் மானத்த வாங்கிருச்சு. நாளைக்கே சுவிஸ் வாட்ச்சு வாங்கித் தாரேன் சம்பந்தி." கதவுக்குப் பின்னால் நின்று சைதூன் கேட்டுக்கொண்டிருந்தாள். டின்னைத் திறந்தது இவர், கேட்காமல் எடுத்தது இவர். மானம் போனதற்கு மட்டும் அவள் கடிகாரமா?

மெஹராஜ்தான் தட்டிலிருந்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். "எனக்குத் தெரியாது சாச்சி, அல்லா மேல சத்தியமா" என்று அழுதாள். சைதூன் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: அக்பர் அலி மகள் மெஹராஜ் நிக்காஹ் அன்பளிப்பு. பந்தம் பிடித்தவனுக்குக் கால் மட்டும்தான் மிச்சம். எண் இருந்த இடத்தில் 'அன்பளிப்பு' என்று இருந்தது.

மறுநாள் அவள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, குதிரை வண்டி பிடித்துப் பாத்திரக் கடைத் தெருவுக்குப் போனாள். அங்கே பேர் வெட்டுகிறவன் பொம்மையன். கடிகாரத்தை நீட்டியதும் அவனுக்கு முகம் மாறிவிட்டது.

"கல்யாணத்துக்கு மொத நா, எவர்சில்வர் சாமானோட சேத்துக் குடுத்தாரும்மா பெரியவரு. வாட்ச்சுல உளி வச்சதில்லன்னு சொன்னேன், கேக்கல. ரெண்டாவது அடியிலேயே ஓட்டம் நின்னுபோச்சு. அப்பவே காட்டுனேன். பேரு நல்லா விழுந்திருக்கு, அது போதும், சாவி குடுத்தா ஓடும்னுட்டாரு."

"நின்னுபோனது அவருக்குத் தெரியுமா?"

"காதுல வச்சுக் கேட்டுட்டுத்தாம்மா பையில போட்டாரு."

கூடத்தில் அத்தனை பேர் முன்னால் மானத்தைப் பற்றிப் பேசிய மனுஷர்! சைதூனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வண்டிக்காரனைத் திரும்ப வீட்டுக்கு விடச் சொன்னாள். மண்டிக்குப் போயிருந்த அக்பர் அலி சாப்பாட்டுக்கு வர நேரம் இருந்தது. அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த தேக்சாவை வண்டிக்காரனும் அவளுமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். தெருவே பார்த்தது. எங்கே விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "நம்ம வீட்டுலதான்" என்றாள்.

பொம்மையன் தேக்சாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எங்கம்மா வெட்டுறது? விளிம்பு பூராம் அவரு பேருல்ல இருக்கு?"

"அது மேலயே வெட்டு. சைதூன்னு போடு."

"இருக்குற பேரு மேல வெட்டக் கூடாதும்மா. தொழில்ல அப்படி வழக்கமில்ல."

"என் நம்பரு மேல வெட்டுனப்ப வழக்கம் எங்க போச்சு?"

பொம்மையன் உளியை எடுத்து உட்கார்ந்தான். செம்பு நல்ல கெட்டி, ஒவ்வோர் அடியும் கடைத்தெரு முழுவதும் கேட்டது. 'அக்பர்' போய், 'அலி'யும் போய், அந்த இடத்தில் சைதூன் என்று எழும்பி வருவதை அவள் நின்று பார்த்தாள்.

மத்தியானம் கை கழுவ அடுக்களைப் பக்கம் வந்த அக்பர் அலி, பழைய இடத்திலேயே கவிழ்ந்திருந்த தேக்சாவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என் தேக்சாவுல உன் பேரா? யாரக் கேட்டு வெட்டுனே?"

"நீங்க யாரக் கேட்டு வெட்டுனீக மச்சான்?"

"அது என் தம்பி வாங்குன வாட்ச்சு!"

"உங்க தம்பி எனக்கு வாங்கிக் குடுத்த வாட்ச்சு. பேரு வெட்டிட்டா நம்மளுதுன்னு தெனமும் சொல்லுவீகள்ல? அப்ப தேக்சா என்னுது. இல்ல, கேக்காம எடுத்தது களவுன்னா, தேக்சாவ நான் களவாண்டேன், வாட்ச்ச நீங்க களவாண்டீக. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. ஓடாதுன்னு தெரிஞ்சே மாப்பிள்ள கையில கட்டிவிட்டதயும் சேத்துச் சொல்லுங்க."

அவர் கைகூடக் கழுவாமல், சாப்பிடாமலே மண்டிக்குத் திரும்பிப் போனார். தேக்சாவிலிருந்து பேரை எடுக்கச் சொல்லி அவரால் பொம்மையனிடம் போகவும் முடியவில்லை. போனால் கடைத்தெரு முழுக்கக் கதை கேட்கும்.

சேக் பரீது ஊருக்கு வந்தபோது, "அண்ணந்தானே, விடு. வேற வாங்கித் தாரேன்" என்றான். "வேற இல்லன்னு சொன்னது நீங்கதானே" என்றாள். அவனே எடுத்துக்கொண்டு மதுரைக்கும் போய்வந்தான். உள்ளே முறிந்த சாமான் இந்தியாவில் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். சைதூன் மற்ற ஆறுக்கும் தினமும் சாவி கொடுத்தாள். ஏழாவதை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு எந்த மாப்பிள்ளைக்கும் அந்த டின் திறக்கவில்லை. கஞ்சத்தனம் என்று தெரு பேசியது, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தேக்சா மட்டும் முன்போலவே ஊர் சுற்றியது. சைதூன் தேக்சா என்றே அதற்குப் பேராகிவிட்டது.

அடுத்த வருஷம் அக்பர் அலியின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பந்தல் போட்ட அன்று அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"சைதூனு... தேக்சா வேணும்."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அந்த வீட்டில் வாழ வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை, எடுத்துத்தான் பழக்கம்.

"எடுத்துக்கங்க மச்சான்" என்றாள். அவர் திரும்பி நடந்தார்.

"மச்சான்" என்று மறுபடி கூப்பிட்டாள். "அன்னிக்கும் இப்படி வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேற ஆறு இருந்துச்சே. அதுல ஒண்ணக் குடுத்திருப்பேனே."