ஆறு துளைகளில் ஈயம்

அப்பா இறந்த மூன்றாம் மாதம் அவருடைய ரிவால்வரை என்ன செய்வது என்ற கேள்வி என்னிடம் வந்தது. தாத்தா காலத்துச் சீமைச் சாமான் அது. தாலுகா ஆபீசில் விசாரித்தேன். ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம், இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்துவிடலாம் என்றார்கள். தஞ்சாவூரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, சீர்செய்தால் பழைய துப்பாக்கிகள் சேர்ப்பவர் ஒருவர் எடுத்துக்கொள்வார் என்றார். அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு; அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

காரணம் பதினோரு வருஷத்துக்கு முந்தையது. நான் காலேஜ் லீவில் ஊருக்கு வந்திருந்த தை மாதம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சும் கூலித் தகராறும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பண்ணை ஆட்கள் செங்கொடி கட்டிக்கொண்டு, அறுவடைக் கூலியை ஏற்றித் தராமல் கதிரில் அரிவாள் வைக்க மாட்டோம் என்றார்கள். அப்பா வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். களத்து மேட்டில் இரு தரப்பும் முட்டிக்கொண்டு நின்றபோது, இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து, முன்னால் நின்றவரின் மார்புக்கு நேரே நீட்டினார். அவர் எங்கள் வயலில் இருபது வருஷம் ஏர் ஓட்டியவர். துண்டை எடுத்துக் கீழே போட்டார்.

“சுடுங்க ஐயா” என்றார்.

அப்பாவின் விரல் விசையின் மேல் இருந்தது. வரப்பிலிருந்து அதை நான் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அப்பா கையை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள் பேச்சுவார்த்தை நடந்து கூலி ஏறியது. அறுப்பும் முடிந்தது. ஆனால் அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அப்பாவிடம் தேவைக்கு மேல் நான் பேசியதில்லை. கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட மருந்தைப் பற்றித்தான் பேசினோம்.

ரிவால்வரைத் துடைத்துப் பார்த்த கடைக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குண்டு போடும் உருளை சுற்றவில்லை. அதன் ஆறு துளைகளும் அடைபட்டிருந்தன. “முன்னாலேருந்து பார்த்தா குண்டு போட்ட மாதிரியே இருக்கு சார். குண்டு இல்ல, ஈயம்” என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியர். பற்றவைப்பதும் பற்றைப் பிரிப்பதும் தினப்படி வேலை. கூட உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார். தீயை அதிகம் காட்டினால் எஃகின் பதமும் நீல நிறமும் கெட்டுவிடும். அவர் சிறு தீயைத் தள்ளி வைத்துக் காட்டினார். ஈயம் மினுமினுத்து இளகியதும் நான் பருத்தித் துணியால் துடைத்தெடுத்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பித்தளைத் தகட்டால் சுரண்டினோம். ஒரு துளைக்கு அரைமணி நேரம் ஆனது. மூன்றாவது துளையில் அவர் தீயை அணைத்துவிட்டு, உள்ளே அரித்திருந்த துருவை விரலால் தடவினார்.

“ஈயம் ஒட்டறதுக்கு நவச்சாரம் போட்டிருக்காங்க. அது இரும்பை அரிச்சிடும். துப்பாக்கி வேலை தெரிஞ்சவன் இதைத் தொட மாட்டான். இது பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் வேலை.”

எங்கள் வீட்டில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச ஆள் வரவழைப்பது அம்மா. மீதி மூன்று துளைகளை அவரிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மா கூடத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். களத்துத் தகராறுக்கு முந்தின தீபாவளிக்கு முன்பு, பித்தளைத் தவலைகளோடு அதையும் துணியில் சுற்றி, கொல்லையில் ஈயம் பூசிக்கொண்டிருந்தவரிடம் அனுப்பினாளாம். ஊர் போகிற போக்கைப் பார்த்துப் பயந்துபோய், அப்பாவிடம் சொல்லாமல் செய்தாளாம்.

“அப்பாவுக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியாம என்ன. பொங்கலுக்கு முன்னாடி பீரோவைத் திறந்து எடுத்துப் பார்த்தாரு. என்னைத் திட்டப் போறாருன்னு நின்னேன். ஈயம் நல்லா பூசியிருக்கான்னு சொல்லிட்டு உள்ள வச்சுட்டாரு. அவ்வளவுதான்.”

பொங்கலுக்கு முன்னால் என்றால் களத்துக்குப் போவதற்கு முன்னால். இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அப்பா கொல்ல நினைக்கவில்லை. பதினோரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல மூச்சு தாராளமாக வந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது. ஆனால் அவர் சொன்னால் காதில் விழும் இடத்தில் நான் நின்றதில்லை.

மறுநாள் காலை, அன்று துண்டைக் கீழே போட்டவரைத் தேடி அவர் தெருவுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஈயம் பூசிய கதையை முழுவதும் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

“துளையில குண்டு இருந்ததை நான் பார்த்தேன் தம்பி” என்றார். “ஈயம்னு அன்னிக்கு எனக்குத் தெரியாதே.”

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே இருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா வாசலுக்கு வந்து, உங்கள் அம்மா நன்றாக இருக்கட்டும் என்றார். அதைக் கேட்டு அந்தப் பெரியவர் மெல்லச் சிரித்தார். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்து திரும்பினேன். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், அம்மா எழுப்பும் வரை தூங்கினேன்.