வெடி கைதட்ட மறந்த கூட்டம்

என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கைக்கு எங்கள் குடும்பத்தில் வெடி என்று பெயர். அவள் கைதட்டினால் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும். பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுவது அவள் வேலை. அங்கே வேலை இல்லாத நாளில் அரசியல் கூட்டத்துக்குப் போவாள், கூலிக்குக் கைதட்ட. நானும் கூடப் போவேன்.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கைதட்டலுக்காகப் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அதுதான் அடையாளம். வெடி முதல் தட்டு தட்டுவாள், பின்னாலேயே அத்தனை கைகளும் கிளம்பும். அவர் என்னதான் பேசினார் என்று கேட்டால், "நான் கண்ணாடியப் பாப்பேனா அண்ணி, பேச்சக் கேப்பேனா?" என்பாள்.

ஆள் கூட்டி வருகிற ஏஜென்ட் வேறு யாருமில்லை. என் மாமனாரின் தம்பி இரண்டாவதாகக் கட்டினாரே, அவளுக்குப் பிறந்த மூத்தவன். ஆக வெடிக்கு அண்ணன், எனக்குக் கொழுந்தன். முறைக்குக் குறைச்சல் இல்லை, கூலியில்தான் குறைச்சல். காலையிலேயே வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். தலைவர் பொழுது சாயத்தான் வருவார். கூலியோ பேசுகிற நேரத்துக்கு மட்டும்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்குமா கூலி தங்கச்சி? வேணாம்னா சொல்லு, அடுத்த தெருவுல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்பான். வாயைத் திறந்தால் வேன் நம் தெருவுக்கு வராது. எல்லோரும் வெயிலில் காய்ந்தபடி வாயை மூடிக்கொள்வோம்.

அன்றைக்கு மில் வாசலில் கூட்டம். தலைவர் தம் தொழிலாளர் கொள்கையை அவிழ்த்துவிட்டார். எல்லோருக்கும் நிரந்தர வேலை என்றார். கண்ணாடி கழன்றது, தட்டினோம். விலைவாசிக்கு ஏற்ற கூலி என்றார், தட்டினோம். "வேலைக்கு வந்துட்டு காத்துக் கிடக்கிற நேரமும் வேலை நேரந்தான்! அதுக்கும் கூலி வாங்கித் தருவேன்!" என்றார். கண்ணாடி கழன்றது.

ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

முழங்கையால் இடித்தேன். வெடி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடாத தப்பைச் செய்துவிட்டாள்: பேச்சைக் கேட்டுவிட்டாள்!

தலைவர் கண்ணாடியை மாட்டினார், இன்னும் உரக்கச் சொன்னார், கழற்றினார். ஊஹூம். மேடைக்குக் கீழே ஏஜென்ட் கொசு அடிப்பவன் மாதிரி காற்றில் தட்டிக் காட்டினான்.

"என்னம்மா, புரியலையா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார் தலைவர்.

வெடி எழுந்தாள். "இன்னைக்குத்தாங்க ஐயா புரிஞ்சுது. நாங்க காலையிலேருந்து இங்க காத்துக் கிடக்கோம். அந்தக் கூலி எங்களுக்கும் உண்டுங்களா?"

ஏஜென்ட் தலையில் கை வைத்தான். டிவிக்காரர்கள் கேமராவை வெடி பக்கம் திருப்பி, மறுபடி தலைவர் பக்கம் திருப்பினார்கள். தலைவர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உண்டும்மா! இன்னைக்கே உண்டு!"

தட்டினாள் பாருங்கள், மில் கூரைப் புறாக்கள் மொத்தமும் பறந்தன. கண்ணாடியை யார் பார்த்தார்கள்!

கூலியைக் கொடுக்கும்போது ஏஜென்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "உன் வாய் இருக்கே தங்கச்சி!"

"வாய் இல்லண்ணே, காது."

வேன் மறுபடியும் வரத்தான் செய்தது. முதல் தட்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் காத்திருப்புக்கும் கூலி என்று ஆனதும் தலைவர் நேரத்துக்கு வரத் தொடங்கிவிட்டார். போன கூட்டத்துக்கு எங்கள் வேன் வழியில் பஞ்சர். போய்ச் சேர்ந்தால், வெறும் மைதானத்தைப் பார்த்தபடி அவர் மேடையில் தன்னந்தனியாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வெடி என் காதோரம் குனிந்தாள். "பாவம் அண்ணி. அவருக்கும் காத்துக் கிடந்த கூலியப் போட்டுக் குடுக்கச் சொல்லட்டுமா?"