தலையில்லாத மீன்கள்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்த காலம் அது. கல்யாணம் பிடிக்காமல் இரண்டு வீட்டாரும் எங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் கிடைத்த ஒற்றை அறையை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

மழைக்காலத்துக்குக் கருவாடு சேர்க்க, ஏரியில் மீன்பிடிக்க அவர் பாஸ் வாங்கினார். தோட்டத்து மேனேஜர் ஜாமீன் நின்றால்தான் காட்டிலாகாவில் பாஸ் கிடைக்கும். நின்ற கையோடு, "புகார் வந்துச்சு, சீட்டுக் கிழிஞ்சிரும் பாத்துக்க" என்றும் மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். பாஸுக்கு ஒரு வள்ளம், இரண்டு பேர், தூண்டில் மட்டும். ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

எனக்குத் தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். அதுவோ ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளம், தும்மினால் சாயும். அணை கட்டியபோது முழுகிப்போன காட்டின் பட்ட மரங்கள் ஏரி நெடுக நீட்டிக்கொண்டிருந்தன. தனக்கும் நீச்சல் தெரியாது என்பதை நடு ஏரியில் வைத்துத்தான் சொன்னார், மகராசன்.

அன்றைக்கு நல்ல கெண்டைகளாக விழுந்தன. ஒவ்வொன்றையும் சாண் வைத்து அளந்து, சின்னதையெல்லாம் விட்டுவிட்டார். கரையில் படுதா கட்டித் தங்கினோம். தலையோடு புகை போட்டால் புழு வைக்கும் என்று லயத்தில் எல்லோரும் தலையை வெட்டிவிடுவார்கள். நானும் வெட்டித் தண்ணீரில் எறிந்துவிட்டு, உடலை மட்டும் புகைமேல் பரப்பினேன்.

காலையில் காட்டிலாகாவின் மலையாளி கார்டு தன் வள்ளத்தில் வந்து இறங்கினார். பாஸைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். சுருங்கிக் கிடந்ததில் ஒன்றுகூட ஒரு சாண் தேறவில்லை.

"தல எவிடே?"

"வெட்டி எறிஞ்சிட்டோம் சார். சத்தியமா எல்லாம் அளந்துதான் புடிச்சோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தலயில்லாம ஞான் எங்ஙன அளக்கும்? கேசு எழுதணும்."

என் வீட்டுக்காரர் கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. லயத்து அறையும், பூட்டிவிட்டு வந்த கதவும் கண்ணுக்குள் வந்தன. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஏரிக்குள் இறங்கினேன். இடுப்பளவு, நெஞ்சளவு. குனிந்து சேற்றைத் துழாவினேன். கையில் வழவழவென்று ஏதோ பட்டது. இறுக்கிப் பிடித்த அதே நேரம் கால் மரக்கட்டையில் வழுக்கி உள்ளே போய்விட்டேன். மூக்கெல்லாம் தண்ணீர். செத்தேன் என்றே நினைத்தேன்.

கார்டுதான் துடுப்பை நீட்டி இழுத்துப் போட்டார். இருமி இருமிக் கையை விரித்துக் காட்டினேன். ஒரே ஒரு தலை.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். தலையை வாங்கி, விரலால் எதையோ ஒதுக்கிவிட்டு, ஒரு மீனோடு சேர்த்து வைத்துச் சாண் போட்டார்.

"சரியாணு. ஒண்ணு அளந்தா மதி, போதும். இனி தலயோட வைக்கணும், கேட்டோ?"

பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு நடுக்கம் நிற்கவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டு, என் வீட்டுக்காரர் அந்தத் தலையைக் கையில் எடுத்தார்.

"ஏ புள்ள, இதுல மீச இருக்கு."

எந்த நீர்நாயோ தின்றுபோட்ட கெளுத்தித் தலை. நாங்கள் பிடித்ததில் கெளுத்தி ஒன்றுகூட இல்லை. கார்டு விரலால் ஒதுக்கியது அந்த மீசையைத்தான்.