கை என்னுடையது, பெயர் அக்காவுடையது

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம் நடந்தது இது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். வீட்டில் தறி ஓடும். பட்டுப்புடவை வாங்கக் கல்யாண வீட்டார் நேராக வீட்டுக்கே வருவார்கள். நான் அந்த வீட்டின் இளைய மருமகள். மூத்த மருமகளை, அதாவது என் ஓர்ப்படியை, அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிடும்போது வாய் இனிக்கும், வயிறு எரியும். ஏன் எரிந்தது என்று சொன்னால்தான் பக்கத்து ஊரான ஓரிக்கையில் ஒரு கல்யாணத்தில் நடந்தது உங்களுக்குப் புரியும்.

கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வது எனக்குக் கைவந்த வேலை. பிறந்த ஊரான மாகறலிலேயே அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தலை பின்னிப் பழகியிருந்தேன். மல்லி மொட்டுகளை வாழை நாரால் தைத்து, நடுநடுவே கனகாம்பரம் வைத்து, உச்சியிலிருந்து சடை நுனி வரை பூவாலேயே மூடிவிடுவேன். கண்ணுக்கு மை, நெற்றிக்குச் சாந்து, கன்னத்துக்குப் பவுடர், புடவைக் கொசுவம் எல்லாம் என் பொறுப்பு. பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினால் அவளுக்கே அவளை அடையாளம் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எனக்கு வாய் கிடையாது. புது மனிதர்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எவ்ளோம்மா கேக்கறே?" என்றால், "குடுக்கறதைக் குடுங்க" என்பேன். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடம் தலையாட்டிவிட்டு முழித்ததும் உண்டு. என் வீட்டுக்காரர்தான் ஒருநாள் வழி சொன்னார்.

"நீ தலையைப் பின்னு. பேச்சு, தேதி, வண்டி, பூக்காரன் எல்லாத்தையும் அண்ணி பாத்துக்கட்டும். வர்றதுல அவங்களுக்கும் ஒரு பங்கு குடுத்துட்டா போச்சு."

இந்தக் காலத்தில் பெரிய பெரிய பியூட்டி பார்லர்களே கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் வெளியாள் கையில் விட்டுவிடுகின்றன என்று என் பேத்தி ஏதோ அதிசயம் போலச் சொல்கிறாள். நாங்கள் அதை அடுப்பங்கரையில் உட்கார்ந்தே பேசி முடித்துவிட்டோம்.

அக்காவுக்குச் சொல்லியா தர வேண்டும்? புடவை பார்க்க வந்தவர்கள் முன்னால் கூறைப்புடவையைப் பிரித்துப் போடும்போதே, "இந்தப் புடவைக்கு ஏத்தாப்போல சடை தைக்க நம்ம வூட்லயே ஆள் இருக்குதும்மா" என்று ஆரம்பிப்பாள். புடவையை மடித்துக் கட்டுவதற்குள் அலங்காரமும் பேசி முடிந்திருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அக்கா தானும் பிழைத்து என்னையும் பிழைக்க வைத்தாள். முதல் வருடம் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. கல்யாண வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் நுழைந்தால் அக்காவுக்கு நாற்காலி போடுவார்கள், எனக்குப் பூக்கூடையைக் காட்டுவார்கள். "அந்தம்மா அனுப்பின பொண்ணு எங்கே?" என்று என்னைத் தேடுவார்கள். முதுகு ஒடிய நான் தைத்து முடித்ததும் பெண்ணின் அம்மா ஓடிவந்து அக்காவுக்குத்தான் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணியோடு தட்டு கொடுப்பாள். நான் கிணற்றடியில் கைப்பிசுக்கைக் கழுவிக்கொண்டு நிற்பேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போல, என் கை வேலையை அவள் வாரி வழங்கிப் பெயர் வாங்குகிறாள் என்று மனசு பொருமும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. விடியற்காலையில் பூவும் நாரும் ஊசியுமாக நான் தயாராக உட்கார்ந்திருப்பேன். அக்கா வந்து, "நான் சொல்ற வரைக்கும் பூவைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். சில வீடுகளில் உடனே வருவாள், சில வீடுகளில் வெகு நேரம் வரமாட்டாள். ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய்டி" என்பாள். பத்துப் பேர் முன்னால் என்னைச் சும்மா உட்கார வைத்து அதிகாரத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் வைகாசியில் கருட சேவைக் கூட்டத்தில் கொடுப்பதற்காக அக்கா நோட்டீஸ் அடித்தாள். ரோஸ் நிறக் காகிதத்தில், 'மணப்பெண் அலங்காரம், பூச்சடை, சகலமும் செய்து தரப்படும்' என்று போட்டுக் கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை. நான் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மட்டும் மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். அதைப் பார்க்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா ஆரணிக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிக்கையிலிருந்து ஒரு அம்மா வந்தார். விவசாயக் குடும்பம். ஆனியில் மகளுக்குக் கல்யாணம். பந்தலும் சமையலும் வீட்டு வாசலிலேயே. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "அலங்காரம் செய்யறது நான்தாம்மா. எங்கிட்டயே சொல்லுங்க, நேரா வந்துடறேன்" என்றேன். முகூர்த்தம் எப்போது, பெண்ணுக்கு முடி எவ்வளவு நீளம், புடவை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இந்தப் பிசாத்துப் பேச்சுக்கா அவளுக்கு நாற்காலியும் தட்டும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அக்கா ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகும் நான் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், மாகறலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஓரிக்கைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

விடிந்தும் விடியாமலும் வேலையைத் தொடங்கினேன். பூவைத் தொடாதே என்று சொல்ல ஆள் இல்லை. பெண்ணின் அப்பா வாங்கி வைத்திருந்த மல்லி மொட்டு கூடை நிறைய இருந்தது. பெண்ணுக்கும் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. என் ஆசைதீரத் தைத்தேன். உச்சியில் வட்டமாக ஒரு சுற்று, அதிலிருந்து நெளிநெளியாக நுனி வரைக்கும். கறுப்பு முடி ஓர் இழை வெளியே தெரியவில்லை. பெண் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துச் சடையைக் காட்டினேன். திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வேலை போதும், இனிமேல் ஓரிக்கை, செவிலிமேடு எல்லாம் என் பெயரைத்தான் சொல்லும் என்று மனசு துள்ளியது.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, பூத்தட்டை ஏந்திக்கொண்டு பெண் இருந்த அறைக்குள் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெண்ணின் தலையைப் பார்த்தார், தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"எங்க வூட்டுப் பூவுக்கு எடமே இல்லாம பண்ணிட்டீங்களே? அப்புறம் நாங்க எதுக்கு வந்தோம்?"

தட்டைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்ணின் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் இரு வீட்டு வழக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பூவை நாத்தனார் தன் கையால் பெண்ணின் தலையில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பூ எதுவும் ஏற வேண்டும். சமையல் கட்டிலும் பந்தலிலுமாக அலைந்துகொண்டிருந்த அந்த அம்மாவுக்கு இந்த அறையை எட்டிப் பார்க்க நேரமில்லை. அலங்காரத்துக்கு வருகிறவளுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும் என்று நம்பியிருந்தார்.

வெளியே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் குரலை உயர்த்தினார்கள். நாத்தனார் பந்தலுக்கு வெளியே ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "அக்கா எறங்கி வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாராம் மாப்பிள்ளை. பெண் அழ ஆரம்பித்தாள். நான் போட்ட மையெல்லாம் கன்னத்தில் இறங்கியது. எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். நேராக வந்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொன்ன என் நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது.

"இதுங்கிட்ட பேசி இன்னா ஆவுது? அந்தம்மாவை இட்டுனு வாடா" என்று பெண்ணின் அம்மா மகனை விரட்டினார். அவன் சைக்கிளில் பறந்தான். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. நான் நேரில் பேசி, நானே ஒத்துக்கொண்ட கல்யாணம். அப்போதும் அவர்களுக்கு நான் 'அந்தம்மா அனுப்பின பொண்ணு'தான்.

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அக்கா வந்து இறங்கினாள். பூத் தகராறை வழியிலேயே அந்தப் பையன் சொல்லியிருக்க வேண்டும். மாகறலில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த நான், ஓரிக்கையில் பூக்கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். 'நான் யாரையும் அனுப்பவில்லை' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தைக்காகக் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன்.

அக்கா நேராக அந்த வண்டியிடம் போனாள்.

"தப்பு என்னுதும்மா. பூ வந்த பிறகு தைக்கணும்னு நான்தான் இதுக்குச் சொல்லி அனுப்பியிருக்கணும். மறந்துட்டேன். என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். அந்தப் பொண்ணு அழுதுக்கினு இருக்குது. நாளைக்கு உங்க வூட்டு வெளக்கேத்தப் போறது அது."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் உடனே இறங்கவில்லை. நிறையவே திட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பவள் அவள்.

நாத்தனாரின் கோபம் கொஞ்சம் ஆறியதும் அக்கா என்னிடம் வந்து காதோடு, "உச்சியில இருக்கற சுத்தை மட்டும் பிரிக்க முடியுமா?" என்றாள். முடியும் என்று தலையாட்டினேன். முகூர்த்தத்துக்குள் முழுச் சடையையும் பிரிக்க நேரமில்லை. உச்சிச் சுற்றின் நாரை மட்டும் அறுத்து, சடைப்பூ கலையாமல் அதை எடுத்தேன். அக்கா நாத்தனாரைக் கைப்பிடித்து அழைத்து வந்து பெண்ணின் பின்னால் நிறுத்தினாள்.

"உச்சிதாம்மா மொதல் எடம். உங்க பூ அங்கதான் இருக்கணும். மத்ததெல்லாம் அதுக்குக் கீழதான்."

நாத்தனார் தட்டிலிருந்த சரத்தை எடுத்து வைத்தார். அது சரியாமல் இருக்க நான் நாரால் கட்டினேன். பெண் எழுந்து அவர் காலில் விழுந்தாள். அவர் தன் முந்தானையாலேயே அவள் கன்னத்து மையைத் துடைத்துவிட்டார். தாலி நல்ல நேரத்தில் ஏறியது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது பெண்ணின் அம்மா வெற்றிலைத் தட்டை அக்கா கையில்தான் கொடுத்தார். பக்கத்தில் நான் நின்றேன். உயிர் பிழைத்த அந்த நிமிடத்திலும் வயிறு எரிந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

திரும்பி வரும் குதிரை வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா ஆரம்பித்தாள்.

"மாகறல் போறேன்னு சொன்னவ ஓரிக்கையில இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?"

எங்கிருந்தோ எனக்கு வாய் வந்துவிட்டது. நோட்டீஸில் என் பெயர் எங்கே என்று கேட்டேன். நாற்காலி, தட்டு, கிணற்றடி எல்லாவற்றையும் கொட்டினேன். "வழக்கத்தைக் கேட்டுத்தான் என்னை உக்கார வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கி இந்தக் கூத்து நடந்திருக்குமா?" என்று அழுதேன்.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உன் பேரையும் போடட்டுமான்னு அச்சாபீஸ்காரரு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏங்க்கா?"

"பொறாமைதான், வேற இன்னா? கண்ணாடியைப் பாத்ததும் பொண்ணுங்க உன் கையைத்தான் பிடிச்சிக்குது. எங்கிட்ட எல்லாரும் தட்டைக் குடுத்துட்டு, வண்டி எப்போ வரும்னுதான் கேக்கறாங்க. எனக்கு ஒரு மொட்டைத் தைக்க வருமா? எந்த வூட்ல இன்னா வழக்கம்ங்கறது ஒண்ணுதான் என் கையில இருக்குது. அதையும் உனக்குச் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குடி?"

வண்டி பிள்ளையார்பாளையம் வந்து சேர்ந்தது. வீட்டில் அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. "மாகறல்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று மாமியார் கேட்டபோது, "நல்லா இருக்காங்களாம்" என்று அக்காவே பதில் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் கல்யாணங்களுக்குப் போனோம். சண்டையும் போட்டோம். பொறாமை எனக்கும் போகவில்லை, அவளுக்கும் போயிருக்காது. ஆனால் அவள் பொறாமைப்பட்டது என்னைப் பார்த்து. அப்படியிருந்தும் என் தப்பை நூறு பேர் நடுவில் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேனா என்று யோசிக்கும்போதெல்லாம், போய்ச் சேர்ந்துவிட்ட அக்காவைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.