பாம்புக்காது

என் மனைவியின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, தெருக்காரர்கள் வைத்த பெயர் பாம்புக்காது. வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்ப்பவர். கிளம்பாத வண்டியோடு யார் வந்து நின்றாலும் முதலில் ஒரு கருவியையும் தொட மாட்டார். பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, "சாவியைப் போடு" என்பார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். இஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரை மெக்கானிக்குகள் செல்ஃப் என்பார்கள். "செல்ஃப் டிக்குன்னா பெரிய வயரு, டிக்கே இல்லைன்னா சின்ன வயரு" என்பது மச்சானின் சூத்திரம். சத்தம் வந்தால் பேட்டரியின் தடித்த வயர்களைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரையும் செல்ஃபின் தலையையும் பார்க்க வேண்டும். என்னிடமே நூறு தடவை சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்தது ரொட்டி விற்பது, தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அவர் கடை ஒரு ஷட்டர் அகலம்தான். பக்கத்தில் டிங்கரிங் கடை. தகரத்தில் சுத்தியல் விழாத நேரம் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். அந்த இடிக்கு நடுவில் உட்கார்ந்துதான் இரண்டு பெண்களையும் கரையேற்றினார், மனைவியையும் பறிகொடுத்தார். அந்த அக்கா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட ஷட்டர் திறந்திருக்கும்.

"வீட்டுல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற மாப்ள? சுவத்தையா பாக்குறது? இங்கன்னா நாலு பேர் என்னைத் தேடி வர்றான்" என்பார். உண்மைதான். அந்த மனிதருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

கொஞ்ச நாளாகவே என் மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கு என் மேல ஏதோ கோவம். கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது."

"உன் குரலுக்கு நான்கூடத்தான் திரும்புறதில்ல" என்றேன். பார்த்தாளே ஒரு பார்வை! அன்று சோறு நானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

என் ரொட்டி வேன் எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது. ஒரு நாள் காலை சரக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் ஊரைக் கூட்டுகிறது, இஞ்சின் மட்டும் சுற்றவில்லை. பேக்கரி ஆட்களைக் கெஞ்சித் தள்ளவைத்து, எப்படியோ கிளப்பி மச்சான் கடைக்கு ஓட்டினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் தள்ளுவதற்கு ஆள் பிடிக்க முடியுமா?

மச்சான் பானெட்டுக்குள் தலையை விட்டார். "சாவியைப் போடு மாப்ள."

திருப்பினேன். டிக்.

"போடுன்னா போடேன்."

"போட்டுட்டுத்தான் இருக்கேன்." டிக். டிக்.

"சத்தமே இல்லையே" என்றார்.

எனக்குக் குழப்பம். அவர் தேடுவது வேறு ஏதோ சத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தொழில் தெரிந்தவருக்கு ரொட்டிக்காரன் பாடம் நடத்துவதா என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெல்லிய வயரில் டெஸ்ட் லைட்டை வைத்தார். எரிந்தது. "இதுவரைக்கும் கரண்டு வருது. செல்ஃப் தலைதான் செத்துருச்சு" என்று செல்ஃபையே கழற்றினார். கீழே வைத்து நேராக பேட்டரியைக் கொடுத்தால் ஜம்மென்று சுற்றுகிறது! நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்ப மாட்டினார். சாவி. டிக். "இல்லையே" என்று மறுபடி கழற்ற ஸ்பானரை எடுத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைக்காரர்கள் வேறு போனில் என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கு டிக்குன்னு அப்பத்துலேருந்து அடிச்சுக்கிட்டே இருக்கு மச்சான்! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்துக் கடையில் சுத்தியல் நின்றது. மச்சான் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். முகத்தை அல்ல, வாயை. பிறகு கையை உள்ளே விட்டு செல்ஃபின் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"இப்ப போடு."

போட்டேன். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். போட்டேன். அவர் முகம் செத்துப்போனது.

"அடிக்குது" என்றார்.

டிக் இருந்தால் பெரிய வயர்தானே, அதன் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. இஞ்சினையும் வண்டிச் சட்டத்தையும் சேர்க்கும் எர்த் பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பச்சை பூத்து இற்றுப்போன பட்டை கையோடு வந்துவிட்டது. போல்ட்டைச் சுரண்டி, புதுப் பட்டை போட்டார். வேன் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்று காதருகில் கேட்டேன்.

"தெரியல மாப்ள. வண்டிங்களுக்குத்தான் சத்தம் கொறைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்." கழன்று வந்த பழைய பட்டையைக் கையில் எடுத்தார். "போன மாசம் ரெண்டு பேருக்கு செல்ஃபை மாத்திக் குடுத்தேன். அதுவும் டிக்குன்னு அடிச்சுச்சோ என்னவோ."

"டாக்டர்ட்ட காட்டலாம். அதுவரைக்கும் கை இருக்குல்ல? இப்ப கண்டுபிடிச்சீங்களே."

"கையை எங்க வைக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்டா. காது அப்படி இல்ல. நான் தேடாததையும் அதுவா வந்து சொல்லும்."

கண் நிறைந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ்; தோள்பட்டையால் துடைத்துக்கொண்டார். பாவி, நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மா இறங்கி, "அண்ணே, ஓடும்போது உள்ளே ஏதோ கிர்ருங்குது. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

மச்சான் என்னைத்தான் பார்த்தார். அந்த அம்மா கேட்டதை அவர் காதருகில் உரக்கச் சொன்னேன். பழக்கத்தில் எழுந்து, கார் வரை போய், பானெட்டில் கையை வைத்தார். அப்படியே நின்றார்.

"எனக்குக் காது கேக்கலம்மா. வேற கடையைப் பாருங்க."

அந்த அம்மா விளையாட்டென்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். மச்சான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குள் போய், பட்டப்பகலில், ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்.