மேசைக்கு வந்த பச்சைத் துணி

ஜீவராணிக்கு அந்த மேசையைக் கண்டாலே வாய் கசந்தது. மேசை என்ன பாவம் செய்தது, வாயில்லாத மரம். அதைச் சுற்றி நின்று தோட்டத்துத் தலைவர்மார் பேசிய பேச்சுத்தான் அவளுக்கு ஆகவில்லை.

ராகலையில் பஸ் ஏறினால், தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகிற பாதையின் கடைசியில் இருக்கிறது மேற்கணக்கு என்கிற தோட்டப் பிரிவு. அங்கேதான் அவள் பிறந்தாள். அங்கேயே வேலைக்குப் பேர் பதிந்து, பிறந்த ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து நாலு காம்பரா தள்ளி வாழ்க்கைப்பட்டாள். புருஷன் ஜெயகாந்தன் சிவப்புச் சங்கத்துத் தலைவர். தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தோட்டத்துத் துரையிடம் போய்ப் பேசுகிறவர், மே தினத்துக்கு லொறி பிடிக்கிறவர், அவ்வளவுதான். அந்த ஒரு கணக்குக்கு மூன்று சங்கம்: சிவப்பு, பச்சை, நீலம். கோயில் தேருக்குத் தோரணம் கட்டினாலும் எந்த நிறத்தில் எத்தனை காகிதம் என்று எண்ணிப் பார்க்கிற ஊர் அது. ஒரு முறை பச்சைச் சங்கத்து வீட்டுப் பெண் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனதற்குப் பஞ்சாயத்து வைத்தார்கள். சேலை அவளுடைய அம்மா வீட்டில் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லித் தப்பித்தாள்.

ஜீவராணி கொழுந்து எடுக்கிறவள். பள்ளிக்கூடத்தை விட்டதும் தலையில் மாட்டிய கூடையைப் பேரப்பிள்ளை எடுக்கிற வயதிலும் இறக்கவில்லை. கை வேகத்தில் அவளுக்கு ஈடு அந்தக் கணக்கில் யாரும் கிடையாது. வாயும் கொஞ்சம் வேகம்தான். அந்த வாயைத் திறந்து அவள் ஊரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மலையில் பெண்களுக்கு ஒரு கக்கூசு.

குடியிருக்கிற லயத்தில் இருக்கிறது, கொழுந்து எடுக்கிற மலையில் இல்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து மலை ஏறினால், மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முடியாதவள் செடிக்கு நடுவில் குந்த வேண்டும். இரண்டு பேர் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து மறைப்புப் பிடிப்பார்கள். மேலே கங்காணி நிற்பார். கீழே ரோட்டில் வெள்ளைக்காரர்களை ஏற்றிவந்த வேன் நிற்கும், கெமராவோடு. மழை நாளென்றால் அட்டை வேறு. அட்டை எங்கெல்லாம் ஏறும் என்பதை இங்கே எழுதினால் படிக்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஏறுகிறவளுக்கு முகத்தைச் சுளிக்கக்கூட நேரம் கிடையாது, கங்காணி சத்தம் போடுவார்.

அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் தேத்தண்ணி ஒரு மிடறு, அதோடு சரி. ஜீவராணிக்கு இதில் நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சலாகி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷன்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தாலும் கடுத்தது.

இந்தச் சமயத்தில்தான் நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருக்கிற முதலாளி ஒருவர், தோட்டத்து மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று புறப்பட்டு வந்தார். தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். என்ன வேண்டும் என்று அவர் கேட்டதும் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜீவராணி எழுந்தாள்.

"ஐயா, மலையில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூசு கட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

கூட்டத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெயகாந்தன் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். முதலாளி தலையாட்டினார், எல்லாரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார், போனார்.

அடுத்த மாதம் லொறி வந்தது. பெண்கள் சீமெந்து வருகிறது என்று ஓடினார்கள். வந்தது பில்லியர்ட் மேசை. நீளக் கோலால் பந்தைத் தட்டி மூலைக் குழியில் விழுத்துகிற விளையாட்டுக்கான மேசை. ஹோட்டலுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார், பழையதைத் தூக்கிப்போட இடமில்லை, தோட்டத்து இளைஞர்களுக்கு அன்பளிப்பு என்று பேர் வைத்து ஏற்றி அனுப்பிவிட்டார். கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம். இங்கே கொண்டைகூட அழவில்லை.

மேசையின் மேல் விரித்திருந்த துணியை எலி கொறித்திருந்தது. புதுத் துணியும் தானே வாங்கித் தருவதாக முதலாளி போனில் சொன்னார். என்ன நிறம் வேண்டுமென்று மட்டும் சொல்லச் சொன்னார். அதோடு ஊருக்குச் சனி பிடித்தது.

முதல் கூட்டத்தில் இளைஞர் கழகத்து நிரஞ்சன் எழுந்தான். அவன் பச்சைச் சங்கத்துத் தலைவர் பழனியாண்டியின் மகன். "பச்சதாங்க வழமை. எல்லா எடத்துலயும் பச்சதான் போட்டிருக்காங்க" என்றான்.

"உங்கப்பா தலைவருங்கிறதுக்காக எல்லா எடத்துலயும் பச்சயா?" என்றார் ஜெயகாந்தன். "ஏன், செவப்பு போட்டா பந்து உருளாதா?"

"நீலமும் போடுறாங்க, நான் டீவியில பாத்திருக்கேன்" என்றார் நீலச் சங்கத்து ஜீவராஜ்.

இதற்கு ஒரு கூட்டம் போதவில்லை. சங்கங்களில் இல்லாத நிறமாகப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மஞ்சள் அம்மன் நிறம், அதன் மேல் கோலால் குத்துவதா? வெள்ளை சாவு வீட்டுக் கொடி. கறுப்பு அபசகுனம். மூன்று நிறத்தையும் பட்டை பட்டையாகத் தைக்கலாம் என்றார் ஜீவராஜ். அப்படியானால் நடுப்பட்டை யாருக்கு என்று அதற்கு ஒரு கூட்டம். சம்பளத்துக்கு இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசியிருந்தால் தோட்டம் எங்கேயோ போயிருக்கும்.

ஜீவராணி இந்தக் கூட்டங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். தலைவர் பெண்டாட்டி என்பதால் மண்டபத்துச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. கூட்டுவதும் பெருக்குவதும் அவள்தான். அவர்கள் பேசப் பேச அவளுக்கு வாயில் கசந்த எச்சில் ஊறியது. வெளியே போய்த் துப்பிவிட்டு வருவாள்.

முதலாளிக்கும் அலுத்துவிட்டது. ஒரு நாள் மூன்று நிறத்திலும் துணியை வாங்கி ஒரே பொதியாகக் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினார். சண்டை தீர்ந்தது என்று பார்த்தால், எதை முதலில் ஒட்டுவது என்பதில் தொடங்கியது. ஒட்டினால் கிழிக்காமல் மாற்ற முடியாதாம். துணி மூன்றும் மண்டபத்து மூலையிலேயே கிடந்தன.

அந்த வாரம் மலையில் தனுஷிகா விழுந்தாள். நிரஞ்சனின் மனைவி, ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளைத்தாய்ச்சிக்கு அடக்க முடியுமா? மறைவு தேடி வேகமாக இறங்கியவள் வடிகால் கானுக்குள் சறுக்கி விழுந்தாள். ஜீவராணி ஓடிப்போய்த் தூக்கினாள். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் உரிந்திருந்தது, சேலை நனைந்திருந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை என்பது சுற்றி நின்ற பெண்களுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. தனுஷிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க அத்த" என்றாள்.

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன். சொன்னாலும் கேக்குறதுக்கு எந்த நாதி இருக்கு."

அவளைத் தோளில் தாங்கி லயத்துக்குக் கொண்டுவந்து விட்டபோது வீட்டில் மாமனாரும் இல்லை, புருஷனும் இல்லை. இரண்டு பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். துணிக் கூட்டம். மருமகள் விழுந்துவிட்டாள் என்று ஜீவராணி வாசலில் நின்று சொன்னாள். பழனியாண்டி திரும்பிப் பார்த்து, "பெரிசா ஒண்ணும் இல்லையே? இந்தா, முடிச்சிட்டு வந்திர்றேன்" என்றார். நிரஞ்சன் எழுந்தான். அப்பா பார்த்த பார்வையில் மறுபடியும் உட்கார்ந்தான்.

சீ என்று போய்விட்டது அவளுக்கு. இந்த மனுஷர்களுக்கா இத்தனை வருஷம் தேத்தண்ணி ஊற்றினோம் என்று நினைத்தபோது தன் கையின் மேலேயே அருவருப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்களெல்லாம் கிரிக்கெட் பார்க்கப் போன பிறகு, அவள் மண்டபத்தைத் திறந்து பொதியைப் பிரித்தாள். துணிகளை ஒவ்வொன்றாக வாசலில் விரித்து, எதிரே தெரிந்த மலையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணச் சேலை எடுக்கும்போதுகூட அவள் இவ்வளவு பார்த்ததில்லை. நல்ல கம்பளித் துணி, கனம், காற்றில் பறக்காது. சிவப்பு அடுத்த கணக்கிலிருந்தே கண்ணில் குத்தும், ரோட்டில் போகிற வேன் நின்றுவிடும். நீலம் மண்சரிவுக்குப் போடுகிற கூடாரம் மாதிரி இருக்கும், என்ன ஏது என்று விசாரிக்க வருவார்கள். பச்சையைத் தூக்கிப் பிடித்தாள். துணிக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பச்சையைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்தாள்.

பெண்கள் நாலைந்து பேர் மேல்மலையில், ஓடைக்குத் தள்ளி, குழி வெட்டிப் பலகை போட்டார்கள். நாலு கம்பு நட்டு, துணியைச் சுற்றிக் கட்டினார்கள். அன்றிலிருந்து பெண்கள் மலைக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். தனுஷிகா காலையிலேயே ஒரு போத்தல் குடித்துவிட்டு, வெட்கப்படாமல் இன்னொன்று கேட்டாள்.

விஷயம் எத்தனை நாளைக்கு மறையும்? கங்காணி பார்த்தார், சொன்னார். மாலைக்குள் மேற்கணக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. பச்சைச் சங்கத்தின் நிறத்தைக் கக்கூசுக்குக் கட்டியிருக்கிறார்கள்.

ஜெயகாந்தன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். ஜீவராஜ் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். கட்டியது ஜீவராணி என்று தெரிந்ததும் ஜெயகாந்தனுக்குச் சிரிப்பு நின்றது. சிவப்புச் சங்கத்துத் தலைவரே பெண்டாட்டியை ஏவிவிட்டார் என்று பேச்சாகிவிட்டதே.

"ஏன்டி, மானத்த வாங்குறதுக்குன்னே இருக்கியா?" என்றார் வீட்டுக்கு வந்து.

"மானமா? மலையில நாங்க சேலையத் தூக்கிட்டு குந்துனப்ப அது எங்க போயிருந்துச்சு?"

"அதுக்கு அவங்க கலரயா எடுக்கிறது?"

"செவப்பக் கட்டியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

காலையில் பழனியாண்டியோடு தானும் போய்த் துணியை அவிழ்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பதாக மட்டும் சொன்னார். இத்தனை கூட்டம் போட்டும் ஒன்று சேராத சங்கங்கள் இதற்குச் சேர்ந்துவிட்டன. அவள் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மூன்று தலைவர்களும் மலை ஏறினார்கள். கொழுந்து எடுக்கிற நேரத்தில் அவர்கள் மேல்மலைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஈரச் செடிக்குள் தடுமாறி வந்தார்கள். ஜீவராணி கூடையோடு போய்த் துணிக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளிக்க தங்கச்சி" என்றார் பழனியாண்டி. "பொம்பளப்புள்ளைகிட்ட எனக்கு என்ன பேச்சு. எங்க கலர நாங்க எடுத்துக்கிட்டுப் போறோம்."

"எடுத்துக்கங்கண்ணே. கொஞ்சம் பொறுங்க, உள்ள ஆளிருக்கு."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். "யாரு?"

"உங்க மருமக."

பழனியாண்டி மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டி, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். மற்ற இருவரும் அப்படியே திரும்பினார்கள். மூன்று சங்கமும் ஒரே திசையைப் பார்த்து நின்றது அந்தக் கணக்கில் அன்றைக்குத்தான். சுற்றிலும் பெண்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பழனியாண்டியின் கெண்டைக்காலில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்தது. குனியவும் வெட்கம், நகரவும் வெட்கம். நின்றார்.

தனுஷிகா வெளியே வந்தாள். மாமனாரின் முதுகைக் கண்டு திடுக்கிட்டாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவரைத் தாண்டித் தான் கொழுந்து எடுக்கிற நிரைக்குப் போய்விட்டாள்.

"அந்தப் புள்ள அன்னைக்கு விழுந்தது எங்க?" என்று பழனியாண்டி கேட்டார். குரல் இறங்கியிருந்தது. முகம் பள்ளத்தைப் பார்த்தபடியேதான் இருந்தது.

"நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தக் கான்லதான்."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெயகாந்தன் தொண்டையைச் செருமி, "சரி ராணி, இப்ப ஆளில்லையே" என்று இழுத்தார்.

ஜீவராணிக்கு மறுபடியும் அந்தக் கசப்பு வாயில் ஊறியது. அவள் துப்பவில்லை. கூடையைத் தலையிலிருந்து கழற்றினாள். பாதி நிறைந்த கூடை, ஈரக் கொழுந்து, நல்ல பாரம். அதைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இதப் புடிங்க. நானும் போயிட்டு வந்திர்றேன்."

பச்சைத் துணியை விலக்கி உள்ளே போனாள். வெளியே மூன்று தலைவர்களும் மறுபடி திரும்பி நின்றார்கள், ஒருவர் கையில் கூடையோடு. கங்காணி சத்தம் போடவில்லை. அவள் அவசரப்படவில்லை.